சலுகைக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்: பி.ஆர்க். சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் கூட்டம் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முன்பெல்லாம் இன்ஜினியரிங், பி.காம்., நர்சிங் என்று கேட்டு வருவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாக ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டும் என்று வரும் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கூடியிருக்கிறார்கள். ஒரு கையில் நாட்டா தேர்வின் மதிப்பெண் அட்டை இருக்கும். இன்னொரு கையில் ஏதாவது ஒரு கல்லூரியின் கடிதம் இருக்கும். கடிதத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில் "50 சதவீத ஸ்காலர்ஷிப்" என்று போட்டிருப்பார்கள். இது நல்ல சலுகையா, சேர்த்துவிடலாமா என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டோம். அதைச் சொல்லிவிட்டே பாடத்துக்குப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் மாணவர் ஒருவருக்கு ஒரு தனியார் கல்லூரியில் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அவருடைய அத்தா பழக்கடை வைத்திருப்பவர். கடிதத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தோம், துஆ செய்தோம், இதே இதழில் வாழ்த்துச் செய்தியும் போட்டோம். இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சராசரி 8 புள்ளிக்குக் குறையாமல் எடுத்தால்தான் சலுகை தொடரும், ஒருமுறை நின்றால் மறுபடி கிடைக்காது என்று அங்கே இருந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்தத் தம்பி 7.6 எடுத்திருந்தார். மோசமான மதிப்பெண் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் இரண்டு மடங்காகிவிட்டது. கடையை அடமானம் வைப்பதா, படிப்பை விடுவதா என்ற நிலையில் அவர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கர்ள் ஹஸனா நிதியிலிருந்து கொடுத்தோம். அந்த ஆண்டு அதே நிதிக்கு வரிசையில் இருந்த வேறு இரண்டு பிள்ளைகளுக்குத் தொகையைக் குறைக்க வேண்டியதாயிற்று. கல்லூரியைக் குறை சொல்ல வழியில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்ததையே செய்தார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை.

மதரஸாவில் கிதாபுல் புயூஃ ஓதியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பொருள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், விலை எவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டும். விலை தெரியாத வியாபாரம் செல்லாது. சந்தையில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கும்போது இதைக் கறாராகக் கடைப்பிடிக்கும் நாம், ஐந்து வருடப் படிப்பை வாங்கும்போது முதல் வருட விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். சலுகை எவ்வளவு என்பதைக் கேட்டால் போதாது. ஐந்து வருடத்தில் நம் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும், அதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு நிபந்தனைக்கு உட்பட்டது என்று கேட்க வேண்டும்.

கடிதத்துக்கு முன் கல்லூரி

பணக் கணக்குக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்யலாம். அந்தப் பதிவுக்குக் கவுன்சில் ஏற்ற பட்டம் வேண்டும். எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம், எத்தனை இடங்கள் என்ற பட்டியல் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கிறது. கடிதத்தில் பி.ஆர்க். என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டீரியர் டிசைன், பி.எஸ்சி. ஆர்க்கிடெக்சர் என்ற பெயர்களில் நடக்கும் படிப்புகள் கெட்டவை அல்ல. அவற்றை முடித்தவர் ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியாது, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத கல்லூரி முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தாலும் வேண்டாம்.

எந்த வாசல் வழியாகச் சேருகிறோம் என்பது அடுத்தது. இது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான உதவிகள் மாணவரைவிட அவர் நுழையும் வாசலைப் பார்த்துத்தான் வருகின்றன.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியிலும், இணைப்புக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் சேர தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கும் நாட்டா மதிப்பெண்ணை 200க்கும் மாற்றி, 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு 2007 முதல் உள்ள 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இங்கே பயன்படும். அதற்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சாதிச் சான்றிதழ் வேண்டும். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகையும் இந்த வாசலில் உண்டு. சுயநிதிக் கல்லூரியில் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.25,000 குறையும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடையாது. 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளையாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தொழிற்கல்விக்கான 7.5 சதவீத முன்னுரிமை இடத்தை முதலில் பாருங்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தனியாக வரும். ஆண் பிள்ளைக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

அதே இணைப்புக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநிலக் கலந்தாய்வுக்கே வெளியே நிற்பவை. அவர்களுடைய கட்டணமும் அவர்களுடையது, சலுகையும் அவர்களுடையது. நம் சமுதாயத்தவர் நடத்தும் நிறுவனங்களிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ராயப்பேட்டை மியாசி அகாடமி அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. வண்டலூர் கிரசென்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இரண்டிலும் பி.ஆர்க். இருக்கிறது. சேரும் வழி வேறு, கட்டணம் நிர்ணயமாகும் முறை வேறு. நம்மவர்கள் நடத்துவதாயிற்றே, கட்டண விவரம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள்.

மூன்றாவது வாசல் திருச்சி என்.ஐ.டி. இதை நம் வீடுகளில் யாரும் நினைப்பதே இல்லை. அங்கே சேர நாட்டா உதவாது. ஜே.இ.இ. மெயின் தேர்வில் ஆர்க்கிடெக்சருக்கான இரண்டாம் தாளை எழுத வேண்டும். என்.ஐ.டி.களில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் குறைவானால் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு, 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. நம் ஊரில் கடை, வண்டி, தையல் என்று பிழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வந்துவிடும். அங்கே ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் இடம் பெற மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், மாநிலச் சான்றிதழ் போதாது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பத்தியை மட்டுமாவது கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடிதங்கள், ஒரே தொகை

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தகப்பனார் ரியாத்தில் டிரைவர். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை. மகள் இரண்டு காகிதங்களை மேசையில் வைத்து, "செக்ரட்டரி மாமா, இரண்டும் ஒரே மாதிரிதான் வருது. பக்கத்துலேயே இருக்குற காலேஜ்ல சேர்ந்துடலாமா?" என்று கேட்டார். அந்தக் கணக்கையே பாடமாக எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாமலிருக்கவும், கூட்டிப் பார்க்க வசதியாகவும் எண்களை மாற்றியிருக்கிறோம். அவற்றை எந்தக் கல்லூரியின் கட்டணமாகவும் நினைக்க வேண்டாம்.

முதல் கடிதம் பக்கத்துக் கல்லூரியுடையது. நிர்வாக இடம். கல்விக் கட்டணம் ரூ.2,40,000. தலைப்பில் 50 சதவீத ஸ்காலர்ஷிப். ஆக, கட்ட வேண்டியது ரூ.1,20,000. ஸ்டுடியோ, ஆய்வகம், தேர்வு, நூலகம் என்று இதர கட்டணம் ரூ.35,000. இதற்குத் தள்ளுபடி இல்லை. கல்லூரிப் பேருந்து ரூ.30,000. முதல் வருடம் மொத்தம் ரூ.1,85,000.

இரண்டாவது, கலந்தாய்வில் கிடைக்கக்கூடிய வெளியூர்க் கல்லூரி. கல்விக் கட்டணம் ரூ.75,000. இதர கட்டணம் ரூ.20,000. விடுதியும் சாப்பாடும் ரூ.90,000. இதுவும் ரூ.1,85,000. இதில் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லே எங்கும் இல்லை. அதனால் முதல் கடிதம் சலுகையாகவும் இரண்டாவது செலவாகவும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

முதல் கடிதத்தை மூன்று பேரும் சேர்ந்து நிதானமாகப் படித்தோம். தலைப்பில் 50 சதவீதம் என்று இருந்தது. உள்ளே "ஆண்டுக்கு ரூ.1,20,000" என்று தொகையாக எழுதியிருந்தது. இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். கட்டணம் ஏறாத வரை இரண்டும் ஒன்றுதான். ஏறினால் சதவீதம் கூடவே ஏறும், தொகை அப்படியே நிற்கும். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.20,000 வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டு ரூ.3,20,000 ஆகிவிடும். சலுகை அதே ரூ.1,20,000. இரண்டாம் ஆண்டு 20,000, மூன்றாம் ஆண்டு 40,000, பிறகு 60,000, 80,000 என்று கூடுதலாகவே ரூ.2 லட்சம் போகும். ஏற்றமே இல்லாவிட்டால் ஐந்து வருடத்துக்கு ரூ.9,25,000 ஆகியிருக்க வேண்டியது ரூ.11,25,000 ஆகிறது. சலுகை ஐந்து வருடமும் நின்றால்தான் இந்தக் கணக்கு. இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டால் மூன்று வருடச் சலுகையான ரூ.3,60,000 சேர்ந்து ரூ.14,85,000.

இரண்டாவது கல்லூரியில் முதல் பட்டதாரிச் சலுகையை மகள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதைக் கழித்தால் ஆண்டுக்கு ரூ.1,60,000, ஐந்து வருடத்துக்கு ரூ.8,00,000. விடுதிச் சாப்பாடு வருடம் ரூ.5,000 ஏறினால் ஐந்து வருடத்தில் ரூ.50,000. ஊருக்கு வந்துபோக ஆண்டுக்கு ரூ.10,000 என்றால் இன்னொரு ரூ.50,000. ஆக ரூ.9,00,000. அரசு ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணத்தை, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. கல்லூரி தன் இஷ்டத்துக்கு அதை ஏற்ற முடியாது.

மேசையில் ஒரே தொகையாக இருந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவே குறைந்தது ரூ.2,25,000, கூடினால் ரூ.5,85,000 வித்தியாசம். அந்தத் தாய் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவங்க அத்தா ஒரு வருஷம் முழுக்க அனுப்புறதே அவ்வளவுதான்" என்றார்.

இது எந்தக் கல்லூரிக்கும் எதிரான தீர்ப்பு அல்ல. சலுகை சதவீதமாக இருந்து, நிபந்தனை அரியர் இல்லாமல் தேறினால் போதும் என்ற அளவில் இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். மகளை விடுதியில் விட மனமில்லாத குடும்பமும் உண்டு. அந்த மன நிம்மதிக்கு ரூ.2 லட்சம் தரலாம் என்று தெரிந்தே முடிவெடுத்தால் அதில் குறை காண நாங்கள் யார்? தெரியாமல் கொடுக்கக் கூடாது.

எட்டுப் புள்ளி ஏன் எளிதல்ல

பள்ளியில் 95 சதவீதம் எடுத்த பிள்ளை 8 புள்ளி எடுக்காதா என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆர்க்கிடெக்சரில் மதிப்பெண் வரும் வழி வேறு. டிசைன் ஸ்டுடியோ என்று ஒரு பாடம் ஒவ்வொரு செமஸ்டரிலும் வரும். மற்ற பாடங்களைவிட அதற்குப் பல மடங்கு கிரெடிட். பிள்ளை ஒரு கட்டடத்தை யோசித்து, வரைந்து, மாடல் செய்து, ஜூரி என்ற நடுவர் குழுவின் முன் நின்று விளக்க வேண்டும். வெளியிலிருந்து ஆர்க்கிடெக்ட்களும் வந்து உட்காருவார்கள். அதில் ஒருமுறை சறுக்கினால் மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும் சராசரி இறங்கிவிடும். இரவெல்லாம் கண் விழித்து மாடல் ஒட்டிவிட்டு, காலையில் காய்ச்சலோடு போய் நின்று மதிப்பெண் இழந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். டிசைனில் ஃபெயிலானால் பல கல்லூரிகளில் அடுத்த டிசைன் ஸ்டுடியோவுக்கே போக முடியாது. அப்போது ஆறாவது வருடக் கட்டணம் வந்து நிற்கும்.

அதனால் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: போன ஆண்டு இந்தச் சலுகையோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் தொடர்கிறது? நேர்மையான கல்லூரி எண்ணைச் சொல்லும். பதில் வராவிட்டால் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கல்லூரி வாசலில் பார்த்துக் கேளுங்கள். டீக்கடையில் உண்மை கிடைக்கும்.

சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? புள்ளி குறைந்தால் அந்த ஆண்டுக்கு மட்டும் நிற்குமா, ஒரேயடியாகப் போய்விடுமா? வெளியிலிருந்து, அதாவது நம் அறக்கட்டளையிலிருந்தோ அரசிடமிருந்தோ, உதவி வந்தால் தங்கள் சலுகையைக் குறைத்துக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அப்படிக் குறைத்தால் நீங்கள் மஹல்லாவில் கை நீட்டி வாங்கிய தொகை உங்களுக்கு மிச்சமாகாமல் கல்லூரிக்கு மிச்சமாகிவிடும். அலுவலகப் பயிற்சிக்குப் போகும் செமஸ்டருக்கும் முழுக் கட்டணமா? பயிற்சி சென்னையிலோ பெங்களூருவிலோ கிடைக்கும். கல்லூரிக்குக் கட்டணமும் கட்டி, அங்கே அறை வாடகையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பதில்கள் எழுத்தில் வர வேண்டும். அட்மிஷன் மேடம் போனில் சொன்னார், பி.ஆர்.ஓ. சார் கை கொடுத்தார் என்பதெல்லாம் மூன்றாம் ஆண்டில் உதவாது. அந்த மேடம் அப்போது வேறு கல்லூரியில் இருப்பார். குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அதை ஓதித் தெரிந்த சமுதாயம் ஒரு மின்னஞ்சல் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. எழுதிக் கேட்டால் சில நேரம் நல்லதும் நடக்கும். இன்னொரு கல்லூரியின் கடிதத்தைக் காட்டி, இதற்கு இணையாகச் செய்ய முடியுமா என்று மரியாதையாகக் கேட்டதில் இதர கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்த கல்லூரியும் உண்டு.

உதவி என்ற பெயரில் வருபவை

சில கல்லூரிகள் கட்டண அட்டவணையில் "நிதி உதவி" என்ற தலைப்பின் கீழ் வங்கிக் கடனையும் மாதத் தவணையையும் சேர்த்துவிடுகின்றன. கடன் உதவி அல்ல, தள்ளிப் போட்ட கட்டணம். ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்று ஏதாவது நிதி நிறுவனத்தின் படிவத்தை நீட்டினால், கையெழுத்துக்கு முன் பிராசஸிங் கட்டணம், தாமதக் கட்டணம் இரண்டையும் படியுங்கள். வட்டி என்ற சொல் இல்லாமலேயே அது உள்ளே இருக்கலாம். வங்கிக் கல்விக் கடன் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ, நீங்கள் நம்பும் ஆலிமிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இதழில் நாங்கள் ஃபத்வா கொடுப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளம் குறைவு. ஐ.டி. வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன் கடனை அடைத்த வேகத்தை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் மெரிட் கம் மீன்ஸ் ஸ்காலர்ஷிப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த ஆண்டுக்கான விண்ணப்பம் தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளத்தில் திறந்திருப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய அறிவிப்பை நம்பிக் கல்லூரியை முடிவு செய்த குடும்பம் சிரமப்பட்டது.

நம் அறக்கட்டளையின் உதவியையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டி கூடி, வந்த ஜகாத்தையும் ஸதகாவையும் பார்த்துத்தான் பங்கிடுகிறது. ஜகாத் அதற்குரியவர்களுக்கே போக வேண்டும். சொந்த வீடும் நிஸாபுக்கு மேல் நகையும் உள்ள குடும்பத்துக்கு ஜகாத்திலிருந்து தர வழியில்லை, கர்ள் ஹஸனாதான். அதுவும் திரும்பி வந்தால்தான் அடுத்த பிள்ளைக்குப் போகும். "டிரஸ்ட்ல பார்த்துக்குவாங்க" என்று நம்பிப் பெரிய கட்டணக் கல்லூரியில் சேர்த்துவிட்டுப் பிறகு வருவது எங்களையும் சங்கடத்தில் விடுகிறது.

முன்பணம் பற்றி இரண்டு வார்த்தை. கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே, இன்று கட்டினால்தான் சலுகை, நாளை கிடையாது என்று சில இடங்களில் அவசரப்படுத்துவார்கள். திரும்பப் பெறும் விதியை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் கேட்கும் தொகை எதுவானாலும், அதற்கு எந்த அழகான பெயர் வைத்தாலும், 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி அது தடை செய்யப்பட்ட நன்கொடைதான்.

கடிதத்தில் வராத செலவு

டிராயிங் போர்டு, ஷீட், பேனா, மாடல் செய்யப் பலகை, பசை, கட்டர். பிறகு பெரிய தாளில் பிரின்ட். ஆண்டுக்கு ஒருமுறை அகமதாபாத், ஜெய்ப்பூர் என்று கல்விச் சுற்றுலா. இவை எந்தக் கல்லூரியானாலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒப்பீட்டை மாற்றாது. மாதச் செலவைத் தின்னும். சுற்றுலா கட்டணத்துக்குள் அடங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பை முதல் மாதமே வாங்கிக் கொடுக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் முதல் ஆண்டு கையால்தான் வரைய வைக்கிறார்கள். எப்போது தேவை, எந்தத் தரத்தில் தேவை என்று சீனியர்களிடம் கேட்டு வாங்கினால் பணம் மிச்சம். ஆட்டோகேட் போன்ற ஆட்டோடெஸ்க் மென்பொருள்களை மாணவர்கள் இலவசமாகவே பெறலாம். அதற்கு யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். படித்து முடித்த பிள்ளைகள் விட்டுச் சென்ற நான்கு டிராயிங் போர்டுகள் நம் அலுவலகப் பரணில் இருக்கின்றன. கேட்டு வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தாருங்கள்.

அந்தத் தாயும் மகளும் பக்கத்துக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சலுகையைச் சதவீதமாகவே தருகிறோம், 8 புள்ளி நிபந்தனையை மட்டும் மாற்ற இயலாது என்று. நல்ல பதில்தான். ரியாத்துக்குப் போன் போட்டு இரண்டு நாள் பேசினார்கள். முடிவில் மகள் கலந்தாய்வு வழியாக வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்தார். இப்போது இரண்டாம் ஆண்டு முடிக்கிறார். போன செமஸ்டரில் அவருடைய சராசரி 7.8. அவர் வீட்டில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் பதறவில்லை.

இந்த ஆண்டு பி.ஆர்க். சேர இருப்பவர்கள் கல்லூரிக் கடிதங்களை எல்லாப் பக்கங்களோடும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். ஐந்து வருடக் கணக்குக்கான தாளை அச்சிட்டு வைத்திருக்கிறோம், உட்கார்ந்து நிரப்பலாம், இன்ஷா அல்லாஹ். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பெயர் எழுத்துகளையும் சரிபாருங்கள். ஆதாரில் முகமது, டி.சி.யில் முஹம்மத், சாதிச் சான்றில் வெறும் எம்.டி. என்று மூன்று பெயரோடு வரும் ஒரே பிள்ளையை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். கலந்தாய்வுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போவதற்கு முன் அது ஒன்றாகிவிட வேண்டும்.